மைக் திறக்கும் சத்தம்

பன்னிரண்டு தறி ஓடும் கொட்டகையில்
இருபத்திரண்டு வருசம் நின்ற காது இவருக்கு.
தவிலுக்குத் திரும்பும்,
சில்வண்டுக்குத் திரும்பாது.
அதனால்தான்
இவர் போன் போடும் அந்த டிங்
எனக்கு மட்டும் கேட்கிற ஒன்றாகிப்போனது.

பேச ஆரம்பித்தால் ஒரு டிங்.
மூச்சு வாங்க நிறுத்தினால்
முடித்துவிட்டார் என்று அதுவே முடிவு கட்டி
இறங்கின குரலில் இன்னொன்று.
இவரோ ஒரு வாக்கியத்தை நாலு தவணையாகக் கட்டுகிறவர்.
ஆக, நூல்காரர் ராக்கியப்பனுக்கு
"நாளைக்குப் பாவு வரலீன்னா தறி நின்னுபோகுமுங்க" என்று
சொல்லி முடிக்க
எட்டு டிங்.

எனக்குக் காரணம்பேட்டை மில்லில் ராத்திரி ஷிப்ட்.
காலையில் வந்து குளித்து,
ஜன்னலில் போர்வை கட்டி
உண்டாக்கின இருட்டில் படுப்பேன்.
தெருவெல்லாம் தறிச்சத்தம், அது என்னை எழுப்பாது.
சோமனூரில் தறி நின்றால்தான் தூக்கம் கலையும்.
இந்த டிங் மட்டும்
அத்தனை இரைச்சலிலும் ஊசியளவு ஒரு பொத்தல் போட்டு
உள்ளே வந்து
என்னைக் கண்டுபிடித்துவிடும்.

விரலால் தட்டலாமே என்பீர்கள்.
போன ஆடியில் நாடா தெறித்து
வலது பெருவிரல் நசுங்கிப்போனது.
மற்ற விரல்கள் 'க'வைத் தொட்டால் 'ங' விழுகிறது.
குரல் மட்டும் ஒழுங்காகவா விழுகிறது?
"ரெண்டு வேணுமுங்க" என்றால்
"ரெண்டு வேணு முங்க".
வேணு யாருங்க என்று
ராக்கியப்பன் கூப்பிட்டே கேட்டுவிட்டார்.

சத்தத்தைக் குறைத்தேன். ரிங்டோன் ஊமையானது, டிங் ஆகவில்லை.
தொடும் ஒலியை அணைத்தேன். டிங்.
கருமத்தம்பட்டிக் கடைப் பையன் நித்தின்
"மைக் தொறந்திருக்குன்னு அது சொல்லோணுமில்லீங்க்கா" என்று
கேட்காத கண்ணாடி ஒன்றை ஒட்டி
நூற்றைம்பது வாங்கிக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை கரண்ட் போன நேரம்,
தெருவே காதடைத்துக் கிடந்தபோது
அமைப்புகளுக்குள் இறங்கினேன்.
கல்யாண மண்டபத்தில் கழிப்பறை தேடுகிற மாதிரி
கதவுக்குள் கதவு.
கடைசியில் வேறொரு கீபோர்டையே கொண்டுவந்து வைத்தேன்.
இது டிங் சொல்லாது.
தானாக மூடிக்கொள்ளவும் செய்யாது,
அது அப்போது எனக்குத் தெரியாது.

அந்த வாரம் தூங்கினேன் பாருங்கள்,
கன்னத்தில் பாயின் கோடு விழ.

சனிக்கிழமை, விடியற்காலை மூன்று மணி டீ.
தலைமுடியில் பஞ்சோடு போனை எடுத்தால்
பகலில் இவர் அனுப்பின ஒரு செய்தி, பார்க்காமல் விட்டது.
ராக்கியப்பனுக்குப் போக வேண்டியது.
படித்துப் பார்க்காமல் அம்பை அழுத்துகிற ஆள்.

*ரெண்டு பாவு அனுப்புங்க சீக்கிரம் அட மெதுவா நட மிதுனா செருப்பக் கழட்டு அம்மா தூங்குது குக்கர் வேண்டாம் விசில் அடிக்கும் வடிச்சுக்கலாம் கதவப் புடி புடி பால்காரரே மணி அடிக்காதீங்க அது தூங்கட்டும் முங்க*

இரண்டு தடவை படித்தேன்.
குக்கர், கதவு, பால்காரர், செருப்பு.
கேட்கிற சத்தத்தையெல்லாம்
ஒவ்வொன்றாகப் பிடித்து நிறுத்திக்கொண்டு
வீட்டுக்குள் நடந்திருக்கிறார்,
அத்தனை நாளும்,
கையில் அந்த டிங்கோடு.

பதில் சொல்லலாம் என்று மைக்கைத் தொட்டேன்.
டிங்.
என் போனை நான் மாற்றவே இல்லை.
சுவரில் சாய்ந்து
பத்து நிமிசத் தூக்கம் தூங்கிக்கொண்டிருந்த
ஒடிசாப் பெண் மாமினி
திடுக்கென்று கண் திறந்து பார்த்தாள்.

ஒன்றுமில்லை, தூங்கு என்று கைகாட்டிவிட்டு
விரலால் தட்டினேன்,
ஒவ்வொரு எழுத்தாக:
பாவு வந்துருச்சுங்களா.